நாசிக்கில் ஒரு பிற்பகல்: சுலா சுவைக் கூடமும் அதன் வெள்ளை ஒயின்களும்

நாசிக்கில் உள்ள சுலா ஒயினரிக்குப் போகிறவர்களில் பலர், சுவைக் கூடத்தில் வரிசையாக ஊற்றித் தரப்படும் ஒயின்களையெல்லாம் பருகிப் பார்த்துவிட்டு, கடைசியில் விலை கூடிய சிவப்பு ஒயின் ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்படுவதைப் பார்த்தேன். சிவப்பே உயர்ந்தது, வெள்ளை தொடக்கக்காரர்களுக்கானது என்ற எண்ணம் நம் நாட்டில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்தக் கூடத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் பொறுமையாக உட்கார்ந்து சுவைத்த பிறகு என் முடிவு இதற்கு நேர்மாறாக அமைந்தது. நாசிக்கின் மண்ணும் வெயிலும் இரவுக் குளிரும் தெளிவாகத் தெரிவது வெள்ளை ஒயின்களில்தான். சிவப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் அந்த வரிசையில் சேர்ப்பேன். அது எது, ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். நாசிக் நகரத்திலிருந்து மேற்கே கங்காப்பூர் சாலையில் போனால் கோவர்தன் என்ற ஊரை ஒட்டி ஒயினரி வருகிறது. கோதாவரியின் குறுக்கே கட்டப்பட்ட கங்காப்பூர் அணையின் நீர்ப்பரப்பும் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ராஜீவ் சாமந்த் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, குடும்பத்துக்கு இங்கே இருந்த 20 ஏக்கர் நிலத்தில் மா, ரோஜா, தேக்கு என்று பலவற்றையும் முயன்று பார்த்த பின்னரே திராட்சைக்கு வந்தார். அக்கம்பக்கத்து உழவர்கள் அப்போதே தாம்சன் சீட்லெஸ் போன்ற உண்ணும் திராட்சையை ஏராளமாகப் பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். உண்ணும் திராட்சை இவ்வளவு செழிப்பாக விளையும் இடத்தில் ஒயின் திராட்சை ஏன் விளையாது என்ற கேள்வியோடு, கலிஃபோர்னியாவின் ஒயின் வல்லுநர் கெர்ரி டாம்ஸ்கியின் துணையுடன், 1990களின் பிற்பகுதியில் சோவினியோன் பிளாங்க், செனின் பிளாங்க் என்னும் இரண்டு வெள்ளை வகைகளை அவர் நட்டார். ஒயினரிக்குத் தம் தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கி வைத்தார். ஆக, இந்த இடத்தின் கதை தொடங்குவதே வெள்ளைத் திராட்சையில்தான். மகாராஷ்டிர அரசு 2001இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்து வரிச் சலுகைகள் தந்த பின்பு, சுற்றுவட்டாரத்தில் வேறு பல ஒயினரிகளும் முளைத்தன. நான் உட்கார்ந்திருந்த சுவைக் கூடம் 2005இல் திறக்கப்பட்டது. நிறுவனம் 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது.

நான் போனது பிப்ரவரியில், அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு வார நாளில். பிப்ரவரியில் அறுவடை என்பதே ஐரோப்பியருக்கு வியப்பூட்டும் செய்தி. அங்கே செப்டம்பரை ஒட்டித்தான் திராட்சை பறிப்பார்கள். நம் நாட்டு வெப்பத்தில் திராட்சைக் கொடி குளிர்கால உறக்கத்துக்குப் போவதில்லை என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள், அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். கோடையில் செய்யும் கவாத்து கொடியை வளர்த்தெடுக்க. மழைக்காலம் ஓயும் செப்டம்பர், அக்டோபரில் செய்யும் கவாத்து காய்ப்புக்கு. அந்த இரண்டாவது கவாத்துக்குப் பிறகு பூத்துக் காய்க்கும் குலைகள், டிசம்பர், ஜனவரி மாதங்களின் குளிர்ந்த இரவுகளைத் தாண்டித்தான் பழுக்கின்றன. பகல் வெயில் சர்க்கரையை ஏற்றுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த மேட்டுநிலத்தின் இரவுக் குளிர், பழத்தின் புளிப்பு முழுவதும் கரைந்துபோகாமல் காக்கிறது. வெள்ளை ஒயினுக்கு உயிர் கொடுப்பது அந்தப் புளிப்புதான். அது இல்லாவிட்டால் எவ்வளவு மணம் இருந்தாலும் ஒயின் நாக்கில் சப்பென்று விழும்.

சுவைப்பதற்கு முன் ஒயினரியைச் சுற்றிக் காட்டுகிறார்கள். பழம் நசுக்கும் இடம், குளிரூட்டும் உறை போர்த்திய எஃகுத் தொட்டிகள் நிற்கும் கூடம், ஓக் பீப்பாய்கள் அடுக்கிய அறை என்று வழக்கமான வரிசைதான். இதில் நான் நீண்ட நேரம் நின்றது தோட்டத்து ஓரத்தில். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இங்கே கம்பி இழுத்து வேலிபோல் நிமிர்த்தி வளர்த்திருக்கும் கொடிகளும், அவற்றின் கீழ்ப்பகுதியில் நெருக்கமாகக் காய்த்திருக்கும் சின்னஞ்சிறு குலைகளும் புதிதாகத் தெரியும். வழிகாட்டியின் அனுமதியோடு ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டேன். தோல் தடிப்பாக இருந்தது. உள்ளே இருந்த சொற்பச் சதையைத் தாண்டியதுமே பல் விதையில் இடித்தது. ஆனால் அந்தத் துளிச் சாறு கடையில் வாங்கும் எந்தத் திராட்சையையும்விடத் தித்தித்தது. உண்ணும் திராட்சையைக் காட்டிலும் ஒயின் திராட்சையைக் கூடுதல் சர்க்கரை ஏறும்வரை கொடியில் விட்டுவைக்கிறார்கள். அந்தச் சர்க்கரைதான் ஈஸ்டின் வேலையால் ஆல்கஹாலாக மாறுகிறது. தோலும் விதையும் சிவப்பு ஒயினுக்கு நிறத்தையும் துவர்ப்பையும் தருகின்றன. வெள்ளைக்குச் சாற்றை உடனே பிழிந்து தோலைப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு பழத்தை மென்று துப்பியதில் இவ்வளவும் புரிந்துவிடுவதால், அறுவடைக் காலத்தில் போக முடிந்தவர்கள் அப்போதே போவது நல்லது.

சுவைக் கூடத்தில் எங்களுக்கு ஊற்றித் தந்த இளைஞர் தம் வேலையை நேசித்துச் செய்பவர். மனப்பாடமாக ஒப்பிக்கவில்லை, ஒவ்வொரு ஒயினுக்கும் முன்பு கோப்பையைக் கையில் எடுக்கச் சொல்லி, அசைக்காமல் ஒருமுறை முகரச் சொன்னார், பிறகு கோப்பையை மேசைமேல் வைத்தபடியே மெல்லச் சுழற்றி மறுபடியும் முகரச் சொன்னார். முதல்முறை வராத மணம் இரண்டாம் முறை எழுந்து வந்ததை அந்த மேசையில் இருந்த எல்லோரும் உணர்ந்தார்கள். ஒயினில் நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதி மூக்கின் வழியாகவும் தொண்டையின் பின்புறம் வழியாகவும் வரும் மணமே என்பதால், அவசரமாக விழுங்குகிறவருக்கு எல்லா ஒயினும் ஒன்றுபோலவே படும். கோப்பையின் தண்டைப் பிடிக்காமல் கிண்ணத்தைப் பற்றியவர்களிடம், கைச்சூடு ஒயினை வெப்பப்படுத்திவிடும் என்று தன்மையாகச் சொல்லித் திருத்தினார். துப்புவதற்கென்று ஒரு பாத்திரமும் மேசையில் இருந்தது. துப்புவது அநாகரிகம் என்று நாம் தயங்குகிறோம். ஆனால் ஒயின் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் சுவைக்கிறார்கள். ஐந்தாறு ஒயின்களையும் விழுங்கிக்கொண்டே போனால் கடைசி ஒயினைப் பற்றி நாக்கு சொல்லும் தீர்ப்பை நம்ப முடியாது.

முதலில் வந்தது புரூட் என்னும் நுரை ஒயின். பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் செய்வதுபோல, புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்து, அங்கு உண்டாகும் கரியமில வாயுவை வெளியே விடாமல் அடைத்து வைப்பதால் வரும் நுரை இது. குமிழிகள் மென்மையாகவும் சீராகவும் எழுந்தன. பச்சை ஆப்பிளின் புளிப்பும், அதன் பின்னால் ரொட்டி சுடும்போது வருவது போன்ற மெல்லிய மணமும் இருந்தன. வெயிலில் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்தவர்களின் வாயைக் கழுவி ஆயத்தப்படுத்த இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது.

அடுத்தது சோவினியோன் பிளாங்க். இந்தத் திராட்சைக்கென்றே உரிய பச்சை மணம் ஒன்று உண்டு: அப்போதுதான் நறுக்கிய குடைமிளகாய், கசக்கிய புல். குளிர்ந்த நாடுகளில் அந்தப் பச்சை மணமே தூக்கலாக இருக்கும். வெயில் கூடக் கூட அது அடங்கிக் கொய்யா, பேஷன் பழம் போன்ற வெப்பநாட்டுப் பழ மணங்கள் மேலே வரும். சுலாவின் ஒயினில் இரண்டும் ஒருசேர இருந்தன. குடைமிளகாயை முதலில் பிடித்த மூக்கு, கோப்பையைச் சுழற்றியதும் கொய்யாவுக்குப் போனது. நாக்கில் புளிப்பு கூர்மையாக வந்து, எலுமிச்சைத் தோலின் சிறு கசப்போடு முடிந்தது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்து பழுக்கவைத்த பழம் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி அந்தப் பிற்பகலில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் நான் மீண்டும் கேட்டு வாங்கியது செனின் பிளாங்கைத்தான். பிரான்ஸின் லுவார் ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இந்த வகை, வெப்பம் கூடினாலும் தன் புளிப்பை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. நாசிக்கில் இவ்வளவு நன்றாக ஊன்றியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சுலா இதில் சற்றே சர்க்கரையை மிச்சம் வைத்துச் செய்கிறது. இனிப்பு என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழுத்த அன்னாசி, பேரிக்காய் மணத்தோடு வரும் அந்த மெல்லிய இனிப்பைப் பின்னாலேயே வந்து புளிப்பு துடைத்துவிடுவதால், வாயில் எதுவும் பிசுக்காக ஒட்டவில்லை. நம் சாப்பாட்டோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை முழுவதும் தெரியும். மிளகாயின் காரத்தை ஆல்கஹாலும் துவர்ப்பும் தூண்டிவிடும். இனிப்பும் குளிர்ச்சியும் தணிக்கும். ஆகவே செட்டிநாட்டுக் கோழி வறுவலுக்கோ, காரசாரமான மீன் வறுவலுக்கோ கெட்டியான சிவப்பு ஒயினை வைத்தால் வாய் எரிவதுதான் மிச்சம். அதே தட்டுக்குப் பக்கத்தில் நன்றாகக் குளிர்ந்த செனின் பிளாங்க் இருந்தால் உணவும் ஒயினும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். அங்கே கேட்டு வரவழைத்த மசாலா வேர்க்கடலையோடு இதைச் சோதித்தும் பார்த்தேன். பச்சை மிளகாயும் வெங்காயமும் எலுமிச்சையும் கலந்த அந்தக் கடலைக்குப் பின் ஒரு மிடறு செனின் பருகியபோது காரம் சட்டென்று இறங்கி, கடலையின் வறுத்த மணம் மட்டும் நின்றது. இதை உணர்ந்த பிறகும் நம் விருந்துகளில் சிவப்பையே திறப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சின்ஃபான்டெல் ரோஸே என்னும் இளஞ்சிவப்பு ஒயினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிறம் அழகு, ஸ்ட்ராபெர்ரி மணம், எளிய சுவை. வெயில் நேரத்தில் நண்பர்களோடு பேசிக்கொண்டே பருக ஏற்றது. கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒயின் அன்று.

இனி சிவப்பு. திண்டோரி ரிசர்வ் ஷிராஸ் என்பதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன அந்த ஒன்று. நாசிக்கின் வடக்கே உள்ள திண்டோரி வட்டத்தின் பெயரைத் தாங்கிய இந்த ஒயின், ஓக் பீப்பாயில் பல மாதங்கள் முதிர்ந்து வருகிறது. கோப்பையை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்துப் பிடித்து அதன் விளிம்பைக் காட்டினார் அந்த இளைஞர். நடுவில் ஏறத்தாழ கறுப்பாகத் தெரிந்தது, ஓரத்தில் நாவற்பழச் சாற்றின் ஊதாவாக மெலிந்தது. முகர்ந்தபோது முதலில் ஓக்கின் வனிலா மணம், பிறகு கறுத்த பழங்கள், அதன் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் மிளகு. இது வெறும் கற்பனை ஒப்புமை அன்று. மிளகுக்கு அதன் மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற அதே வேதிப்பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டு வெளியிட்டார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த மணம் தெரிவதே இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. எங்கள் மேசையிலேயே ஒரு பெண்மணி, தமக்கு எவ்வளவு முகர்ந்தும் மிளகு வரவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். அவருடைய கவனத்தில் எந்தப் பிழையும் இல்லை. மூக்கின் அமைப்பு அப்படி. மிளகு ரசத்தில் வளர்ந்த நமக்கு இந்த ஒயின் முதல் முகர்விலேயே உறவாகிவிடுகிறது. துவர்ப்பு ஈறுகளில் படிந்தாலும் கடுமையாக இல்லை. ஆட்டுக்கறிச் சுக்காவில் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டிச் செய்தால் அதற்கு இது நல்ல துணை.

மற்ற சிவப்பு ஒயின்களை நான் குறை சொல்லவில்லை. அவை ஒழுங்காகச் செய்யப்பட்டவை. ஆனால் பழுத்த பழ மணமும் ஓக்கும் உலகில் வெயில் அடிக்கும் எல்லா ஒயின் பகுதிகளிலும் கிடைக்கும். இந்த ஊரில்தான் கிடைக்கும் என்று கைகாட்டக்கூடிய தனித்தன்மை அவற்றைவிட வெள்ளைகளில் கூடுதலாக இருக்கிறது என்பதே என் கருத்து.

இங்கே நான் மனமாரப் பாராட்ட விரும்புவது ஊற்றிய வெப்பநிலையை. வெளியே பகல் வெயில் முப்பது பாகை செல்சியஸை எட்டியிருந்த நேரத்தில், நுரை ஒயினும் வெள்ளையும் கோப்பையின் வெளிப்புறத்தில் பனித்துளி அரும்பும் அளவுக்குக் குளிர்ந்து வந்தன. சிவப்பையும் சற்றே குளிர்வித்துத்தான் தந்தார்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பருக வேண்டும் என்று எங்கும் எழுதியிருப்பது ஐரோப்பியக் கல்வீடுகளின் அறைகளை மனத்தில் வைத்து; 16 அல்லது 18 பாகையைத்தான் அது குறிக்கிறது. நம் அறைகளில் அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். இதே வட்டாரத்தில் வேறோர் ஒயின் விடுதியில் இதைக் கண்கூடாகக் கண்டேன். வெள்ளை ஒயின் வெதுவெதுப்பாக வந்தது. கோப்பையில் பாத்திரம் கழுவும் சோப்பின் எலுமிச்சை மணம் மிஞ்சியிருந்தது. சுட்டிக்காட்டியபோது ஐஸ் கட்டி போட்டுத் தரவா என்று கேட்டார்கள். மாதக்கணக்கில் உழைத்து விளைவித்து, வடித்து, பக்குவப்படுத்திய ஒன்றைக் கடைசி ஐந்து நிமிடக் கவனக்குறைவு பாழாக்கிவிடுகிறது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. தோட்டத்துக்கும் தொட்டிக்கும் கொடுக்கும் கவனத்தைக் கோப்பைக்கும் கொடுக்கிற இடங்களையே தேடிப் போக வேண்டும்.

முடிவில் லேட் ஹார்வெஸ்ட் செனின் பிளாங்க் வந்தது. பழத்தைக் கொடியிலேயே கூடுதல் நாள் விட்டு, நீர் வற்றிச் சர்க்கரை திரண்ட பிறகு பறித்துச் செய்யும் இனிப்பு ஒயின் இது. தேன், உலர்ந்த ஆப்ரிகாட், மாம்பழ மணம். சிறு அளவுக்குமேல் பருக முடியாது, பருகவும் வேண்டியதில்லை. இனிப்புப் பண்டத்தோடு வைப்பதைவிட, உப்புத் தூக்கலான பாலாடைக்கட்டியோடு வைத்துப் பார்க்கும்படி அந்த இளைஞர் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். மும்பையிலிருந்து கசாரா கணவாய் வழியாகச் சாலையில் வந்தால் நாலைந்து மணி நேரம் ஆகும். சீரடிக்கும் திரியம்பகேஸ்வரத்துக்கும் நம்மூரிலிருந்து ஆண்டு முழுவதும் மக்கள் போகிறார்கள். கோயில் பயணத்தோடு இதைச் சேர்ப்பது சிலருக்கு உவப்பாக இராது என்பதால், அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவதே முறை. சனி, ஞாயிறுகளில் மும்பை, புனே கூட்டம் நிறைந்துவிடும்; ஊற்றுகிறவரிடம் நிதானமாகக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் வார நாளில், முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற மதுவிலக்கு நாட்களில் ஊற்றமாட்டார்கள். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. காலையில் நறுமணத் திரவியம் பூசிக்கொண்டு போவதையும் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் அது உங்கள் மூக்கை மட்டுமல்லாமல் பக்கத்தில் இருப்பவரின் மூக்கையும் கெடுக்கும். பருகுகிறவர் வண்டி ஓட்டவே கூடாது. துப்பித்தான் சுவைத்தேன் என்பவருக்கும் இது பொருந்தும்.

வாங்கும்போது புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். சோவினியோன் பிளாங்க், செனின் பிளாங்க் இரண்டும் இளமையிலேயே பருக வேண்டியவை. இருப்பதில் புதிய ஆண்டைக் கேட்டு வாங்கி, ஓரிரு ஆண்டுகளுக்குள் திறந்துவிட வேண்டும். பெரும்பாலான புட்டிகளுக்குத் திருகு மூடிதான் என்பதால் படுக்கவைத்துச் சேமிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வெயில்பட விடக் கூடாது, திரும்பும் வழியில் காரின் டிக்கியில் பகல் முழுவதும் கிடக்கவும் விடக் கூடாது. விமானத்தில் வருபவர்கள் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டும், கைப்பையில் அனுமதியில்லை. மது எடுத்துச் செல்லும் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், எத்தனை புட்டி கொண்டுவரலாம் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு புட்டிக்கு மட்டுமே இடம் இருக்கிறதென்றால், இரண்டையும் செனின் பிளாங்காகவே வாங்கும்படி சொல்வேன். மூன்றாவதற்கு இடமிருந்தால் திண்டோரி ஷிராஸ்.